விருந்தாளியும் அயலானும்

ஒரே மலையைப் பற்றி வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதிய இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படிப்பது நாவல் வாசகருக்கு நல்ல பயிற்சி. மலை அதே மலைதான். மழையும் மூங்கிலும் பனிமூட்டமும் அவையேதான். ஆனால் ஓர் ஆசிரியரின் பக்கங்களில் நடமாடுகிற மனிதர்கள் மற்றவருடைய பக்கங்களில் நிழலாகக்கூட விழுவதில்லை. ஒரு நாவலை எடைபோடும்போது, கதாநாயகனை ஆசிரியர் எப்படிச் சித்தரித்திருக்கிறார் என்பதைவிட, அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பவனை எப்படிச் சித்தரித்திருக்கிறார் என்றுதான் நான் முதலில் பார்ப்பது வழக்கம். பிரயாண நூலுக்கும் அனுபவ நூலுக்கும்கூட இந்த அளவுகோல் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

ஆப்பிரிக்காவில் ருவாண்டா, உகாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கிற இடத்தில் விருங்கா என்ற எரிமலைத் தொடர் இருக்கிறது. மலைக் கொரில்லாக்கள் உலகத்தில் இரண்டே இடங்களில்தான் வாழ்கின்றன. ஒன்று இந்தத் தொடர். மற்றது இதற்கு வடக்கே உகாண்டாவில் உள்ள புவிண்டிக் காட்டுப் பகுதி. விருங்கா மலையைப் பற்றி டயன் ஃபாஸி எழுதிய ‘கொரில்லாஸ் இன் தி மிஸ்ட்’ 1983-ல் வெளிவந்தது. பில் வெபர், ஏமி வெடர் என்ற தம்பதிகள் எழுதிய ‘இன் தி கிங்டம் ஆஃப் கொரில்லாஸ்’ 2001-ல் வந்தது. முதலாவது புகழ் பெற்ற புத்தகம். 1988-ல் சினிமாவாகவும் வந்தது. இரண்டாவது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. காட்டையும் காட்டு மிருகங்களையும் காப்பாற்றப் பணக்காரப் பிரயாணிகளை அழைக்கலாமா, அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று இன்று நடக்கிற சர்ச்சையின் வேர், இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பிடிபடும்.

ஃபாஸி அமெரிக்கப் பெண்மணி. கென்டக்கி மாகாணத்தில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். மனிதனின் பூர்வீகத்தை ஆராய்ந்த லூயி லீக்கியின் தூண்டுதலால் 1967-ல் கொரில்லாக்களை ஆராய வந்தார். காங்கோ பக்கத்தில் தொடங்கினார். அங்கே கலகம் மூண்டதால் வெளியேறி, அதே ஆண்டு செப்டம்பரில் ருவாண்டாப் பக்கம் வந்து, கரிசிம்பி, விசோகே என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே கூடாரம் அடித்தார். இரண்டு பெயர்களையும் இணைத்து அந்த இடத்துக்குக் கரிசோகே என்று பெயரிட்டார். நடுவில் சில காலம் அமெரிக்காவில் கழித்தாலும், அவருக்கு வீடென்று இருந்தது அந்த இடம்தான். 1985 டிசம்பர் இறுதியில் அங்கேயே தம் குடிசையில் வெட்டுண்டு இறந்தார்.

அவருடைய புத்தகத்தில் ஒரு நாவலாசிரியன் பொறாமைப்படக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. கொரில்லாக்கள் அங்கே பாத்திரங்களாகவே உருப்பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், ஒரு சுபாவம், ஒரு குடும்பத் தகராறு. 1970-ல் பீனட்ஸ் என்ற இளம் ஆண் கொரில்லா மெல்லக் கையை நீட்டி அவர் விரல்களைத் தொட்ட கட்டத்தில் அலங்காரமே இல்லை. அதனால்தான் மனசில் நிற்கிறது. விரல் ஒன்று கோணிப் போயிருந்ததால் டிஜிட் என்று பெயர் பெற்ற கொரில்லா, பிள்ளைப் பருவத்திலிருந்து கூட்டத்தின் காவலனாக வளர்வதைப் பல ஆண்டு டயரியிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். 1977-ம் ஆண்டின் கடைசி நாளில் வேட்டைக்காரர்கள் அதைக் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துப் போகிறார்கள். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்காதவர் இருக்க மாட்டார்.

ஆனால் மலையடிவாரத்துக்கு வந்தவுடன் அவருடைய பேனா மாறிவிடுகிறது. தம்மோடு தடம் பார்த்து நடந்த உள்ளூர் ஆட்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வேட்டைக்காரர்களிலும் சிலருக்குப் பெயர் கொடுக்கிறார். ஆனால் அவர்களுக்கு வீடு இல்லை. மாலையில் கண்ணியை வைத்துவிட்டுப் போனவன் எந்தக் குடிசைக்குப் போனான், அங்கே அடுப்பு எரிந்ததா என்று அவர் கேட்பதில்லை. பெரும்பாலான கண்ணிகள் மானுக்காக வைக்கப்பட்டவை. கொரில்லா அவற்றில் அகப்பட்டுக் கையையோ காலையோ உயிரையோ இழந்தது, வைத்தவன் எதிர்பாராத விபத்து. மான் கறி தேடி வந்தவனும், விலை பேசிக் கொரில்லாத் தலையை அறுத்தவனும் ஒரே ஆள் அல்ல. புத்தகத்தின் கோபம் இரண்டு பேரையும் ஒரே நிழலில் நிறுத்திவிடுகிறது. டிஜிட்டின் சாவைக் கண்ட ஒருவருக்கு அந்தக் கோபம் வருவது இயல்புதான். ஆயினும் புத்தகத்தில் அது குறையாகவே இருக்கிறது.

பிரயாணிகளை அழைத்து வந்து மிருகங்களைக் காப்பாற்றும் யோசனை ஃபாஸிக்குப் பிடிக்கவில்லை. கண்ணிகளை அறுப்பது, காவலர்களை ரோந்து அனுப்புவது, புகுந்த மாடுகளை விரட்டுவது ஆகியவற்றைச் செயல்முறைப் பாதுகாப்பு என்றார். பிரசாரம், பிரயாணிகள், எதிர்காலத் திட்டம் ஆகியவற்றை ஏட்டுப் பாதுகாப்பு என்று ஒதுக்கினார். அவர் பயந்ததற்கு வலுவான காரணம் இருந்தது. கொரில்லா உடலமைப்பில் நமக்கு மிக நெருங்கிய பிராணி. நமக்கு இரண்டு நாள் தும்மலோடு போகிற சளி அதன் நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. டிஜிட்டின் படத்தை அது உயிரோடு இருக்கும்போதே ருவாண்டாச் சுற்றுலா இலாகா விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தது. அந்தப் படம் பிரயாணிகளை அழைத்ததே தவிர, டிஜிட்டைக் காப்பாற்றவில்லை.

வெபரும் வெடரும் 1978-ல் அதே கரிசோகேக்கு வந்தவர்கள். வெடர் கொரில்லாக்கள் என்ன தின்கின்றன, எவ்வளவு தின்கின்றன என்று ஆராய்ந்தார். வெபர் தொகையைக் கணக்கெடுத்ததோடு, மலையை விட்டு இறங்கிக் குடியானவர்களிடம் போய்க் கேள்வி கேட்கவும் தொடங்கினார். இந்தக் காடு உங்களுக்கு எதற்கு? பலர் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள்: காட்டை வெட்டிப் பயிர் வைத்தால் தேவலை. ருவாண்டா ஆப்பிரிக்காவிலேயே ஜனநெருக்கம் மிகுந்த நாடுகளில் ஒன்று. எரிமலைச் சரிவின் கறுப்பு மண்ணில் உருளைக்கிழங்கு நன்றாக விளையும். பூங்காவின் எல்லை வரைக்கும் உழுது நிற்கிறவன், அந்த எல்லைக்கு அப்பால் பார்க்கும்போது அவன் கண்ணுக்குத் தெரிவது நிலம்தான்.

காடு சுருங்கியதற்கு அவன் மட்டும் பொறுப்பாளி அல்லன் என்பதையும் இந்தப் புத்தகம் எடுத்துக் காட்டுகிறது. 1960-களின் இறுதியில் பூச்சி மருந்துக்கான பைரீத்ரம் பூவைப் பயிரிடுவதற்காக ஐரோப்பிய உதவிப் பணத்தோடு பூங்காவிலிருந்து ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் காடு எடுக்கப்பட்டது. 1979-ல் மாட்டுப் பண்ணைக்காக மேலும் 5,000 ஹெக்டேரை எடுக்கும் யோசனை வந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் சர்க்காருக்கு மாற்று வருமானம் ஒன்றைக் காட்ட வேண்டும். ஆகவே மூன்று அங்கங்கள் கொண்ட மலைக் கொரில்லாத் திட்டம் அந்த ஆண்டு பிறந்தது: காவலைப் பலப்படுத்துதல், பள்ளிக்கூடங்களிலும் கிராமங்களிலும் காட்டைப் பற்றி எடுத்துச் சொல்லுதல், கட்டணம் வாங்கிக்கொண்டு சிறு சிறு குழுக்களாகப் பிரயாணிகளை மலைக்கு அழைத்துச் செல்லுதல்.

இலக்கிய ரீதியில் பார்த்தால் இரண்டாவது புத்தகம் முதலாவதன் பக்கத்தில் நிற்காது. பல இடங்களில் அறிக்கை படிப்பது போல இருக்கிறது. ஃபாஸியைப் பற்றிய பக்கங்களில் பழைய மனஸ்தாபத்தின் கசப்பும் தெரிகிறது. ஆனால் அதில் குடியானவன் பேசுகிறான், கொஞ்ச நேரமாவது. அவன் பேசிய பிறகு, மலையைப் பற்றி முன்போல யோசிக்க முடிவதில்லை. நடை மோசமாக இருந்தாலும் கேட்ட கேள்வி சரியாக இருந்தால் ஒரு புத்தகம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

யார் சொன்னது பலித்தது? விருங்கா மலையில் 1981-ல் எண்ணியபோது இருந்தவை சுமார் 250 கொரில்லாக்கள். 2016-ல் முடிந்த கணக்கெடுப்பில் 604. புவிண்டியில் 2018-ம் ஆண்டுக் கணக்கையும் சேர்த்தால் மொத்தம் 1,063. 2018 நவம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழிவின் விளிம்பில் நிற்பவை என்ற பட்டியலிலிருந்து எடுத்து, ஒரு படி ஆபத்துக் குறைந்த பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. மனிதனுக்கு மிக நெருங்கிய இந்தப் பெருங்குரங்கு இனங்கள் எல்லா இடத்திலும் குறைந்துகொண்டு வருகிற காலத்தில் இது அபூர்வமான செய்தி.

ஆனால் பிரயாணிகள் ஜெயித்தார்கள், ஃபாஸி தோற்றார் என்று முடிவு கட்டுவது அவசரம். 1967 முதல் 2008 வரையிலான விவரங்களை வைத்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, மனிதர்களுக்குப் பழக்கப்பட்ட கூட்டங்கள் ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் பெருகின என்றும், பழகாத கூட்டங்கள் சற்றே குறைந்தன என்றும் காட்டியது. பழகியவற்றில் பிரயாணிகள் பார்க்கும் கூட்டங்களும் உண்டு, ஆராய்ச்சிக்காரர்கள் மட்டும் பார்க்கும் கூட்டங்களும் உண்டு. இரண்டுக்கும் பொதுவானது, தினந்தோறும் ஒரு மனிதன் நடந்து போய்ப் பார்த்து வருவது. கண்ணியில் சிக்கினால் அறுத்து விடுவது. நோய் கண்டால் மிருக வைத்தியரை அழைப்பது. அதாவது ஃபாஸி சொன்ன செயல்முறைப் பாதுகாப்புதான் கொரில்லாவைக் காப்பாற்றியது. ஆனால் அதற்குச் சம்பளம் கொடுத்ததும், சர்க்காரை அக்கறை கொள்ள வைத்ததும் அவர் வெறுத்த பிரயாணியின் பணம்.

இந்தப் பிரயாணம் ஏன் இவ்வளவு ஆடம்பரமாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ருவாண்டாவில் 2017 மே மாதம் வெளிநாட்டுப் பிரயாணிக்கான அனுமதிக் கட்டணம் 750 டாலரிலிருந்து 1,500 டாலராக உயர்ந்தது. நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். அதற்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். மலையடிவாரத்தில் பிசாட்டே என்ற விடுதி 2017-ல் திறந்தது. அதில் இருப்பதே ஆறு மாளிகைகள். அங்கே ஓர் இரவு தங்க ஓர் ஆளுக்கு ஆயிரம் டாலருக்கும் மேல். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நோய் தொற்றாமல் இருக்க ஒரு கொரில்லாக் கூட்டத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான், ஒரு மணி நேரம்தான் பார்க்கலாம். ஆகவே ருவாண்டாப் பக்கம் முழுவதிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு பேருக்குத்தான் இடம். ஆட்களைக் கூட்ட முடியாத இடத்தில் விலையைத்தான் கூட்ட முடியும். இங்கே ஆடம்பரம் கொரில்லாவின் நுரையீரலில் தொடங்குகிறது என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே ஆடம்பரத்தைக் கண்டு முகம் சுளிப்பதில் பிரயோஜனமில்லை. கேட்க வேண்டியது வேறு. அந்த விருந்தாளி வந்து போவதால் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் அயலானுக்கு என்ன கிடைக்கிறது?

ருவாண்டா சர்க்கார் 2005-ல் பூங்கா வருமானத்தில் 5 சதவீதத்தைச் சுற்றுப்புறத்து ஜனங்களுக்கு ஒதுக்கத் தொடங்கியது. 2017-ல் அதை 10 சதவீதமாக்கியது. அதில் பள்ளிக்கூடங்களும் வைத்தியசாலைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் எழுந்திருக்கின்றன. மெச்ச வேண்டிய காரியம்தான். ஆனால் பள்ளிக்கூடம் ஊருக்குப் பொது. காட்டெருமை இரவில் இறங்கி மிதித்துப் போன உருளைக்கிழங்கு ஒருவனுடையது. நஷ்டஈட்டுக்கு ஒரு நிதி உண்டு. ஆயினும் மனு எழுதி, அதிகாரி வந்து பார்த்து, பணம் வருவதற்குள் அடுத்த விதைப்புக் காலம் போய்விட்டால், அந்தக் குடும்பத்துக்குக் காடு பகையாகத்தான் தோன்றும். பூங்காவின் ஓரமாகக் கற்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஆயிரம் டாலர் விடுதியைவிட அந்தச் சுவரே அவனுக்கு நேரடியாக உதவுகிறது என்று நினைக்கிறேன்.

தானத்தைவிட மேலான வழியும் அந்த மலையில் உண்டு. சபின்யோ மலையடியில் உள்ள உயர்தர விடுதி ஒன்று சுற்றுவட்டார ஜனங்களின் சங்கத்துக்கே சொந்தம்; நிர்வாகத்தைத் தொழில் தெரிந்த கம்பெனி ஒன்று பார்த்துக்கொள்கிறது. தங்குகிறவரிடமிருந்து ஒரு பங்கு சங்கத்துக்குப் போகிறது. தர்மமாக வருகிற பணத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். சொத்துக்காரனுக்கோ கணக்குக் கேட்க உரிமை இருக்கிறது. கதையில் எடுபிடிப் பாத்திரத்துக்கும் பிரதான பாத்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முந்தையவன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். பிந்தையவன் கேள்வி கேட்கிறான்.

கேள்வி கேட்க முடியாதவர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்தக் காடுகளின் ஆதிக் குடிகள் பட்வா ஜனங்கள். உகாண்டாவில் 1991-ல் புவிண்டியும் மகாஹிங்காவும் தேசியப் பூங்காக்களானபோது அவர்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோருக்கு ஈடாக நிலம் கிடைக்கவில்லை. இன்று மகாஹிங்காவில் பட்வாப் பாதை என்று ஒரு நடைப் பயணம் உண்டு. கட்டணம் செலுத்திய பிரயாணிகளுக்கு முன்னால், தீக்கடைந்தும் தேன் எடுத்தும் வேட்டையாடுவது போல் பாவனை செய்தும் தங்கள் பழைய வாழ்க்கையை அவர்கள் காட்டுகிறார்கள். அவர்களுக்கு வருமானம் வருகிறது; மொழியும் மூலிகை அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நேற்று வாழ்ந்த வாழ்க்கையை இன்று நடித்துக் காட்டிவிட்டு, மாலையில் காட்டுக்கு வெளியே திரும்பிப் போகிற மனிதனைப் பற்றி நினைக்கும்போது மனசு சங்கடப்படத்தான் செய்கிறது. ஃபாஸி அவர்களை வேட்டைக்காரர்களாகப் பார்த்தார். பிரயாணி அவர்களைக் காட்சியாகப் பார்க்கிறான். இருவரும் பார்க்காத பாகம் அந்த மாலை நேரம்.

விருந்தாளியை மட்டும் நம்பி இருப்பதன் ஆபத்தை 2020 எடுத்துக் காட்டியது. தொற்றுநோயால் விமானங்கள் நின்றன, பிரயாணிகள் வரவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம் புவிண்டியில் ரஃபிக்கி என்ற முதிர்ந்த ஆண் கொரில்லா ஈட்டிக்கு இரையாகிக் கிடந்தது. பிடிபட்டவன், தான் சிறு மிருகங்களை வேட்டையாட வந்ததாகவும், கொரில்லா பாய்ந்ததால் குத்தியதாகவும் சொன்னான். அவனுக்குப் பதினோரு ஆண்டுச் சிறை கிடைத்தது. ஃபாஸியின் புத்தகத்தில் வீடில்லாமல் வந்துபோன அதே மனிதன்தான் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மான் கறியைத் தேடிக் காட்டுக்குள் போயிருக்கிறான்.

இதற்கு நேர் எதிரான சாட்சியமும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். 1990-ல் ருவாண்டாவில் யுத்தம் மூண்டது. 1994-ல் லட்சக்கணக்கான ஜனங்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். அதன் பிறகும் சில ஆண்டுகள் அந்த மலைப்பக்கம் படைகளும் அகதிகளும் நடமாடும் இடமாக இருந்தது. பிரயாணிகள் வரவு நின்றது. கொரில்லாக்கள் தீர்ந்துவிட்டிருக்கும் என்று பலர் பயந்தார்கள். ஆனால் 1989-ல் 324 ஆக இருந்த விருங்காத் தொகை 2003-ல் 380 ஆக இருந்தது. பிரயாணிப் பணம் இல்லாத அந்த ஆண்டுகளில் அவற்றைக் காத்ததில் பெரும் பங்கு உள்ளூர்க் காவலர்களுக்கும் தடம் பார்ப்பவர்களுக்கும் உண்டு. சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம் மலையேறினார்கள். சிலர் உயிரையும் கொடுத்தார்கள். காட்டை வெறும் கூலிக்கான இடமாக நினைத்திருந்தால், கூலி நின்ற அன்றே அவர்களும் நின்றிருப்பார்கள். காடு தங்களுடையது என்ற எண்ணம் அவர்களிடம் எப்படியோ வேரூன்றியிருந்தது. எந்த விடுதியின் விளம்பரத் தாளையும்விட அந்த எண்ணத்தைத்தான் நான் நம்புவேன்.

இந்த இரண்டு புத்தகங்களில் எதை முதலில் படிக்கலாம் என்று கேட்டால் ஃபாஸியைத்தான் சொல்வேன். அன்பு இல்லாமல் எழுதிய அறிக்கையால் எந்த மிருகமும் பிழைக்காது. கொரில்லாவுக்கு முகம் உண்டு என்று உலகத்துக்குக் காட்டியவர் அவரே. வெபரும் வெடரும் கேட்ட விலைக்கு உலகம் சம்மதித்ததற்கும் அந்த முகமே காரணம். அவரைப் படித்தவர்கள் நிற்காமல் இரண்டாவதையும் படிக்க வேண்டும். டிஜிட்டின் பெயரால் அவர் தொடங்கிய நிதி, இன்று அவர் பெயரையே தாங்கி, பெரும்பாலும் ருவாண்டாக்காரர்களை வேலைக்கு வைத்து நடந்து வருகிறது. கரிசோகேயில் டிஜிட்டுக்கு அருகில் அவர் புதைந்திருக்கும் இடத்துக்கும் பிரயாணிகள் கட்டணம் செலுத்தி மலையேறுகிறார்கள். அவர் இருந்திருந்தால் விரட்டியிருப்பார்.

நான் தேடுவது மூன்றாவது ஒரு புத்தகம். ருவாண்டா சர்க்கார் இப்போது பூங்காவை மறுபடி விரிவாக்கத் திட்டமிட்டு, முதல் கட்டமாகச் சில குடும்பங்களைப் புதிய வீடுகளுக்கு மாற்றியிருக்கிறது. பைரீத்ரம் பயிரிட என்று தாத்தாவுக்குக் காட்டை வெட்டிக் கொடுத்த நிலத்திலிருந்து, காட்டுக்காகப் பேரனைக் கிளம்பச் சொல்கிற நிலைமை வரலாம். கிளம்பினால் கொரில்லாவுக்கு இடம் கிடைக்கும். அது அவசியமும்கூட, ஏனென்றால் பெருகிய கூட்டங்கள் இடம் போதாமல் மோதிக்கொள்கின்றன. ஆனால் அந்தப் பேரன் புதிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மலையைப் பார்க்கும்போது என்ன நினைப்பான் என்பதை ஃபாஸியும் சொல்லவில்லை, வெபர் தம்பதிகளும் சொல்லவில்லை. அந்த ஊரில் பிறந்த ஒருவர்தான் சொல்ல முடியும். பிரயாணிகளின் பணத்தில் எழுந்த பள்ளிக்கூடங்களில் அந்த மலையடிவாரத்துக் குழந்தைகள் இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.